பழவேற்காட்டு வரலாற்றில் நம் பங்கு

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்விக்கென்று தோன்றிய ஒரு கழகம் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து நிற்பது எளிய செயலன்று. கூலி வேலை செய்து பிழைப்போர் மிச்சம் பிடித்துத் தந்த சிறு தொகைகளைக் கொண்டே இத்தகைய கழகங்கள் வாழ்கின்றன. ஆதலால் இந்நாளில் பாராட்டுரைகளோடு நின்றுவிடாமல், நம் பிள்ளைகளுக்குப் பயன்படும் பொருள் ஒன்றைப் பேச வேண்டுமென்று கருதினோம். பழவேற்காட்டின் வரலாறே அப்பொருள்.

பள்ளிப் புத்தகத்தில் நம் பிள்ளைகள் பழவேற்காட்டைப் பற்றி இரண்டொரு வரிகள் படிக்கின்றனர். டச்சுக்காரர் கோட்டை கட்டிய இடம் என்பது ஒரு வரி. பறவைகள் வந்து தங்கும் உவர்நீர் ஏரி என்பது மற்றொரு வரி. அவ்வரிகளில் ஆட்சி செய்தவர்கள் இருக்கின்றனர், பறவைகளும் இருக்கின்றன, ஏரியைச் சுற்றி வாழ்ந்த உழைப்பாளிகள் இல்லை. அவர்களுள்ளும் கடைசியில் வைக்கப்பட்ட நம்மைப் பற்றிக் கேட்கவே வேண்டுவதில்லை.

பங்கு என்பது இக்கரையில் நாள்தோறும் காதில் விழும் சொல். பிடித்த மீனைப் பிரிக்கும்போது படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று கணக்கிடுகின்றனர். இக்கரையின் வரலாற்றில் நம் பங்கு யாது? இக்கரையின் நீரிலும் நிலத்திலும் நமக்குரிய பங்கு யாது? இவ்விரு வினாக்களும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

ஊரும் ஏரியும்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், பொன்னேரி வட்டத்தில் பழவேற்காடு அமைந்துள்ளது. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலுள்ள பெரிய உவர்நீர் ஏரி இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும், தென்கோடி தமிழ்நாட்டிலும் உள்ளன. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணல்தீவு கிடக்கின்றது. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொண்டு வருகின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறி இறங்குகின்றது. இவ்விரண்டும் கலப்பதனால்தான் இறாலும் நண்டும் மடவையும் கொடுவாவும் இங்கே பெருகுகின்றன. முகத்துவாரம் மணலால் அடைபட்டுவிட்டால் ஏரியின் வளம் குன்றும். குப்பங்களில் அடுப்பு எரியாது.

இக்கரையிலும் தீவுக்கரையிலும் குப்பங்கள் பல உள்ளன. கோட்டைக்குப்பம் அவற்றுள் ஒன்று. கோட்டை இடிந்து மண்மேடாகிப் புதர் மண்டிவிட்டது. ஆயினும் அதன் பெயரை மீனவர் குப்பம் ஒன்று இன்றும் சுமந்து நிற்கின்றது. ஆண்ட பெயர்கள் அழிந்து, உழைத்தவர்களின் ஊரில் மட்டும் அதன் எச்சம் தங்கியிருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

மாறி வந்த கொடிகள்

விசயநகரப் பேரரசின் காலத்தில் பழவேற்காடு பெயர்பெற்ற துறைமுகமாக விளங்கியது. இங்கிருந்து துணி மலாக்காவுக்கும் சாவகத்துக்கும் சென்றது; அங்கிருந்து மிளகும் கிராம்பும் சாதிக்காயும் வந்தன. இசுலாமிய வணிகர்களும் தெலுங்கு வணிகர்களும் இத்துறையில் செழித்தனர். மலாய் மக்கள் இன்றும் உடுக்கும் கைலிக்குப் 'பெலிகாட்' என்று பெயர். அஃது இவ்வூரின் பெயரே. தறியில் அமர்ந்தவன் பெயரும், பாவு தோய்த்தவள் பெயரும், மூட்டை சுமந்தவன் பெயரும் எங்கும் எழுதப்படவில்லை; ஊரின் பெயர் மட்டும் கடல் கடந்து வாழ்கின்றது.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசியர் வந்தனர். 1602இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1610இல் விசயநகர வேந்தர் வேங்கடபதி தேவராயரிடம் இசைவு பெற்று இங்கே பண்டகசாலை அமைத்தது. 1612இல் போர்த்துக்கீசியர் அதைத் தாக்கி அழித்தனர். 1613இல் டச்சுக்காரர் கோட்டை ஒன்றை எழுப்பி, தங்கள் நாட்டு மாகாணம் ஒன்றின் பெயரால் அதற்கு 'கெல்திரியா' என்று பெயரிட்டனர். சோழமண்டலக் கரை முழுவதிலும் டச்சுக்காரர்க்கு இதுவே தலைமையிடமாயிற்று. 1690இல் அத்தலைமை நாகப்பட்டினத்துக்கு மாற்றப்பட்டது.

கோட்டைக்கு வெளியே அரசுகள் மாறிக்கொண்டே இருந்தன. 1640களில் கோல்கொண்டாவின் படைகள் இந்நிலத்தைக் கைக்கொண்டன. 1687இல் கோல்கொண்டா மொகலாயர் வசமாயிற்று. பின்னர் ஆர்க்காட்டு நவாபுகள் வந்தனர். 1781இல் ஆங்கிலேயர் பழவேற்காட்டைக் கைப்பற்றினர். ஒப்பந்தப்படி திருப்பிக் கொடுத்தனர். 1795இல் மீண்டும் கைப்பற்றினர். 19ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினர். 1818இல் இடிபாட்டோடு டச்சுக்காரர்க்கே திருப்பிக் கொடுத்தனர். இறுதியில் 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, மலாக்கா முதலிய இடங்களை மாற்றிக்கொண்ட பட்டியலில் இந்திய இடங்களும் சேர்க்கப்பட்டு, 1825இல் பழவேற்காடு நிலையாக ஆங்கிலேயரிடம் வந்து சேர்ந்தது.

இத்தனை மாற்றங்களிலும் இக்கரையில் வாழ்ந்த எவரையும் ஒரு சொல் கேட்டவர் இலர். வீட்டை விற்பவன் அதிலுள்ள பண்டபாத்திரங்களையும் சேர்த்துக் கொடுப்பது போல, ஊரைக் கைமாற்றியவர்கள் மக்களையும் சேர்த்தே கைமாற்றினர்.

கப்பலில் ஏற்றப்பட்டவர்கள்

இவ்வூரின் ஏற்றுமதிச் சரக்குகளில் துணியும் வெடிமருந்தும் இருந்தன என்பதைப் பெருமையோடு எழுதுவோர் உண்டு. மனிதரும் ஏற்றுமதியாயினர் என்பதைப் பலர் எழுதுவதில்லை.

1619இல் டச்சுக்காரர் சாவகத்தில் பத்தாவியா நகரை நிறுவினர். இன்றைய ஜகார்த்தா அதுவே. 1621இல் பாண்டாத் தீவுகளின் மக்களைக் கொன்று குவித்துச் சாதிக்காய்த் தோட்டங்களைத் தம்வசமாக்கினர். கட்டடம் கட்டவும் தோட்டத்தில் உழைக்கவும் ஆட்கள் தேவைப்பட்டனர். அந்த ஆட்கள் வங்கத்திலிருந்தும் அரக்கானிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் கொண்டு செல்லப்பட்டனர். பழவேற்காடு அவ்வணிகத்தின் துறைகளுள் ஒன்றாயிற்று.

இவ்வணிகம் எல்லா ஆண்டுகளிலும் ஒரே அளவில் நடைபெறவில்லை. மழை பொய்த்த ஆண்டிலும், படைகள் வயல்களை எரித்த ஆண்டிலும் அது பெருகிற்று. 1620களின் தொடக்கத்தில் பஞ்சம் வந்தது. அடிமைக் கப்பல்களும் வந்தன. 1646இல் மீண்டும் அவ்வாறே நிகழ்ந்தது. 1659 முதல் 1661 வரை, பீஜப்பூர்ப் படைகள் தஞ்சை நாட்டைச் சூறையாடிய வேளையில், நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளிலிருந்து எட்டாயிரம் பேருக்குக் குறையாமல் வாங்கப்பட்டு இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பப்பட்டனர். சோற்றுக்கு வழியின்றித் தம்மையே விற்றுக்கொண்டோர் இருந்தனர். பெற்ற பிள்ளையை விற்றோர் இருந்தனர். தரகரால் கடத்தப்பட்டோரும் இருந்தனர். நெல்லின் விலை ஏற ஏற மனிதனின் விலை இறங்கிற்று. 1652க்குப் பின் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் டச்சுக்காரர் குடியேறிய போது, அங்கும் இக்கரை மக்கள் அடிமைகளாய்ச் சென்றனர். தாய் தந்தையர் இட்ட பெயர் பறிபோய், எந்தக் கரையிலிருந்து வந்தனரோ அக்கரையின் பெயரே அவர்களுடைய அடையாளமாக எழுதப்பட்டது.

அவ்வாறு சென்றோர் அனைவரும் நம் சாதியினரே என்று கூறிவிட முடியாது. அவ்வாறு கூறுவது உண்மைக்கு மாறானது. பஞ்சம் பல குலத்து ஏழைகளையும் விற்றது. ஆனால் பஞ்சம் வரும்போது கையில் நிலமில்லாதவனும் களஞ்சியமில்லாதவனும் முதலில் விழுகின்றான். ஊரின் நிலத்திலும் நீரிலும் பங்கில்லாமல் வைக்கப்பட்டிருந்தவர் யாவர் என்பதை நாம் அறிவோம். கப்பல் ஏறியோரின் பெயர்களைத் தேடுவோர் நம் சேரிகளின் பக்கம் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியாது.

எவர் வாய்மொழி வரலாறாயிற்று?

1630களில் பழவேற்காட்டுக் கோட்டையில் ஆபிரகாம் ரோஜேரியசு என்னும் டச்சுப் பாதிரியார் பத்தாண்டுகள் பணியாற்றினார். இந்து சமயத்தைப் பற்றியும் இந்நாட்டு வழக்கங்களைப் பற்றியும் அவர் எழுதிய நூல், அவர் மறைந்த பின்னர் 1651இல் லெய்டன் நகரில் அச்சாயிற்று. ஐரோப்பியர் நம் நாட்டை அறிந்துகொள்ள உதவிய தொடக்க நூல்களுள் அது முதன்மையானது. அந்நூலுக்குச் செய்தி தந்தவர் பத்மநாபன் என்னும் பிராமணர்.

இதில் ரோஜேரியசையோ பத்மநாபனையோ குறை கூறுவதற்கில்லை. கேட்டவர் கேட்டார், அறிந்தவர் தாம் அறிந்ததைக் கூறினார். ஆனால் அப்பத்தாண்டுகளிலும் அக்கோட்டையின் மதில்களுக்கு வெளியே உழைத்துக்கொண்டிருந்த மக்கள் தம்மைப் பற்றித் தாமே கூறுவதற்கு எவரும் ஏடும் எழுதுகோலும் எடுத்து வரவில்லை. ஒரு நாட்டின் முதல் விளக்கம் ஒரு வகுப்பாரின் வாய்மொழியாக அமைந்துவிடுமானால், மற்றவர்கள் அவ்விளக்கத்தில் எப்படி எழுதப்பட்டனரோ அப்படியே உலகின் கண்ணுக்குத் தோன்றுவர். கல்வி நமக்கு ஏன் வேண்டும் என்ற கேள்விக்கு இதனினும் தெளிவான விடை வேண்டுவதில்லை. வேலைக்காக மட்டுமன்று, நம்மைப் பற்றிய வாக்குமூலத்தை நாமே எழுதுவதற்காகவும் கல்வி வேண்டும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் நிலமும் நத்தமும்

ஆங்கிலேயர் ஆட்சியில் பழவேற்காடு தன் பழைய சிறப்பை இழந்தது. வணிகம் சென்னைக்குப் போய்விட்டது. பின்னாளில் பக்கிங்காம் எனப் பெயர் பெற்ற கால்வாய் ஏரியோடு இணைந்து, விறகும் உப்பும் நெல்லும் ஏற்றிய படகுகள் சென்னை நோக்கிச் சென்றன. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில், அக்கால்வாயின் விடுபட்ட பகுதியைப் பஞ்சப்பணியாகத் தோண்டினர். பசித்தவன் தோண்டிய கால்வாய்க்கு ஆளுநரின் பெயர் இடப்பட்டது.

1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறையைச் சட்டப்படி ஏற்பதை நிறுத்தியது. ஆயினும் செங்கற்பட்டு மாவட்டத்துச் சேரிகளில் படியாள் படியாளாகவே இருந்தான். அக்காலத்தில் பொன்னேரி வட்டமும் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. மிராசுதாரரின் இசைவின்றி நம் மக்கள் தரிசு நிலத்தைப் பெற முடியவில்லை. குடிசை போட்டிருந்த நத்தமும் தம்முடையது என்று மிராசுதாரர் உரிமை கொண்டாடினர். எதிர்த்துப் பேசியவன் குடியிருப்பை இழந்தான்.

1891இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரமன்கீர் இந்நிலையை ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் கூறுவது அதுவே. அவ்வாறு ஒதுக்கப்பட்ட நிலம் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் என்பர். பிறர் வாங்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும், அதில் பெரும்பகுதி நம் கையை விட்டுப் போயிற்று. ஏன் போயிற்று? பத்திரத்தில் எழுதியிருந்ததை நம் முன்னோர் படிக்க இயலாதவராய் இருந்தனர் என்பது ஒரு காரணம். படித்தவர் படித்துக் காட்டியதை நம்பிக் கைநாட்டு வைத்தனர். உரிமை காகிதத்தில் வந்தது. காகிதத்தைப் படிக்கும் கல்வி வருவதற்குள் அது கைமாறிவிட்டது.

இதே செங்கற்பட்டு மண்ணில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார் 1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் இதழ் தொடங்கி, நம் வரலாற்றை நாமே எழுதலாம் என்று காட்டினார். 1924இல் சீனிவாசனார் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டு வந்த தீர்மானம், பொதுத்தெருவிலும் பொதுக்கிணற்றிலும் எவர்க்கும் உரிமையுண்டு என்பதை அரசின் கொள்கையாக்கியது. கொடி மாறியதனால் வந்த பயன்களல்ல இவை. எழுதப் படிக்கக் கற்ற சிலர், கற்றதைத் தம் மக்களின் பொருட்டுப் பயன்படுத்தியதனால் வந்த பயன்கள்.

பாடும் பறியும்

இனி, பேசுவதற்குச் சற்றுக் கடினமான ஒன்றைப் பேச வேண்டும்.

ஏரியில் பாடு என்றொரு முறை வழங்கி வருகின்றது. முகத்துவாரத்தை ஒட்டி, நீரோட்டம் மிக்க, இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களில் கழி ஊன்றி வலை கட்டும் உரிமையே பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய குப்பங்களைச் சேர்ந்த பட்டினவர்கள் இதனை முறை வைத்தும் சீட்டுப் போட்டும் பகிர்ந்து வந்துள்ளனர். நல்ல இடம் ஒருவர் கையிலேயே நிலைத்துவிடுவதில்லை. இன்று ஒருவர்க்கு நல்ல இடம் வாய்த்தால் நாளை அது மற்றொருவர்க்குப் போகும். வலியவன் எளியவனை விழுங்காமல் காக்கும் இம்முறையை அறிஞர் பலர் பாராட்டியுள்ளனர். அது பாராட்டத்தக்கதே.

ஆனால் அச்சீட்டில் எவர் பெயர் எழுதப்படுகின்றது? பட்டினவர் குலத்தில் பிறந்து, மணம் முடித்து, தலைக்கட்டாக ஊர் ஏற்றுக்கொண்ட ஆண்மகனின் பெயர். ஏரிக்கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும், ஆதிதிராவிடர் பெயர் அதில் இல்லை. இருளர் பெயர் இல்லை. எந்தக் குலத்துப் பெண்ணின் பெயரும் இல்லை. இருளர் பெண்கள் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, மார்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கின்றனர். நம் மக்களும் ஆழமற்ற கரையோரத்தில் அவ்வாறே பிழைத்து வந்தனர். வயல்வேலை குறைந்த காலங்களில் ஏரியே நம் மக்களுக்குக் கஞ்சி வார்த்தது.

இறால் ஏற்றுமதிப் பொருளாகி விலை ஏறிய பின், குறிப்பாக 1970களிலிருந்து, நம்மவர் பலர் வலையும் படகும் வாங்கி ஏரியில் இறங்கினர். உடனே, "நீங்கள் பரம்பரை மீனவரல்லர்" என்ற சொல் எழுந்தது. பூசல்கள் நேர்ந்தன. விலையில்லாத காலத்தில் நாம் தடவிப் பிடித்ததை எவரும் தடுக்கவில்லை. விலை வந்த பின்னரே பரம்பரை நினைவுக்கு வந்தது.

வழக்கம் என்ற சொல்லுக்கு நம் இயக்க வரலாற்றில் ஒரு விடை உண்டு. 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மகாடு நகரின் சவுதார் குளத்தில் ஆயிரக்கணக்கான மக்களோடு இறங்கி நீர் அருந்தினார். எதிர்த்தோர் தொன்றுதொட்ட வழக்கத்தைக் காட்டி வழக்குத் தொடுத்தனர். பத்தாண்டுகள் நடந்த அவ்வழக்கில், அத்தகைய வழக்கம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லாக் காலத்திலும் இப்படித்தான் இருந்தது என்று கூறுவோர் அதனை மெய்ப்பிக்கக் கடமைப்பட்டவர்கள். மெய்ப்பிக்கச் சொல்லிக் கேட்பதற்குப் படித்தவர் ஒருவர் வேண்டும். மகாடு கற்பித்த பாடங்களுள் இஃதொன்று.

எனினும் பழவேற்காடு மகாடு அன்று; பட்டினவர் நம்மை ஆண்ட மிராசுதாரரும் அல்லர். அவர்களும் கடலில் உயிரைப் பணயம் வைத்து உழைப்பவர்கள். 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை அவர்களுடைய படகுகளையும் வலைகளையும் வாரிக்கொண்டு சென்றது. கொடிகள் மாறியபோது அவர்களையும் எவரும் கேட்கவில்லை. ஆதலால் பாட்டை ஒழிக்க வேண்டும் என்பது நம் கோரிக்கையாக இருக்கக் கூடாது. சீட்டில் பெயர் சேர்க்க வேண்டும் என்பதே நம் கோரிக்கையாக இருக்க வேண்டும். முறை வைத்துப் பகிரும் அறம் நல்லது; அவ்வறம் ஒரு குலத்தின் வேலிக்குள் நின்றுவிடுவதே குறை. ஏரியில் உழைப்பவன் எவனோ அவன் ஏரியின் மீனவன் என்ற நெறியை, பகையின்றி, ஆனால் தயக்கமுமின்றி நாம் எடுத்துரைக்க வேண்டும்.

விடுதலைக்குப் பின்

1947இல் மற்றொரு கொடி ஏறிற்று. அதனோடு முதன்முறையாக நமக்கு வாக்குரிமையும் அரசியலமைப்பின் பாதுகாப்பும் வந்தன. 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. இஃது எந்தப் பழைய கொடியும் தராத ஒன்று. இதனைச் சிறிதென்று கருதுவோர் வரலாறு அறியாதவர்.

ஆயினும் முடிவுகள் எடுக்கப்படும்போது நம்மைக் கேட்பது என்ற வழக்கம் அத்துணை விரைவில் வந்துவிடவில்லை. ஸ்ரீஹரிகோட்டாத் தீவு ராக்கெட்டுத் தளத்துக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1971 அக்டோபர் 9ஆம் நாள் அங்கிருந்து முதல் ஆய்வு ராக்கெட்டு ஏவப்பட்டது. அத்தீவின் காட்டை நம்பி வாழ்ந்த யானாதிப் பழங்குடி மக்கள் பலர் தம் வாழிடத்தை இழந்தனர். 2023 ஜூலை 14ஆம் நாள் அதே தீவிலிருந்து சந்திரயான்-3 புறப்பட்டு, நிலவின் தென்முனைப் பகுதியில் இறங்கியது. நாடு பெருமை கொண்டது; நாமும் பெருமை கொண்டோம். அத்தீவின் நிழல் விழும் ஏரியில் இன்னும் பறியைப் பல்லில் கவ்விச் சேற்றைத் தடவும் பெண்கள் இருக்கின்றனர் என்பதையும் அப்பெருமையோடு சேர்த்தே நாம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பின்னும் திருவள்ளூர் மாவட்டத்து அரிசி ஆலைகளிலும் செங்கற்சூளைகளிலும் இருந்து இருளர் குடும்பங்கள் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டதைச் செய்தித்தாள்களில் பலமுறை கண்டோம். 1843, 1862, 1976 என்று சட்டங்கள் வந்துகொண்டே இருந்தன. முன்பணம் என்னும் கயிறு மட்டும் அறுபடவில்லை. கப்பலில் ஏற்றிய காலத்திலும் அக்கயிற்றின் பெயர் கடனே.

ஏரிக்கும் இடர் வந்துள்ளது. தெற்கே 2001இல் எண்ணூர்த் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. பின்னர் காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது. அதனைப் பன்மடங்கு விரிவாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்ட போது, கரை அரிக்கும், முகத்துவாரம் கெடும் என்று குப்பங்கள் திரண்டெழுந்து எதிர்த்தன. இங்கே நாம் ஒன்றைத் தெளிவாக உணர்தல் வேண்டும். ஏரியே இல்லையெனில் பங்கு கேட்பதற்குப் பொருளில்லை. ஏரியைக் காக்கும் போராட்டத்தில் நாம் பட்டினவரோடு தோள் சேர்ந்து நிற்க வேண்டும். அவ்வாறு நிற்கும்போதே, காத்த ஏரியில் எமக்கும் பங்குண்டு என்று உரைக்கவும் வேண்டும். ஒன்றைக் காரணம் காட்டி மற்றொன்றை ஒத்திவைக்கச் சொல்வோர்க்கு நாம் செவிசாய்க்க வேண்டியதில்லை.

இளைஞர்கள் செய்ய வேண்டுவன

இத்தனையும் கூறியது புலம்புவதற்காக அன்று. இளைஞர்கள் முன் மூன்று பணிகளை வைக்க விரும்புகின்றோம்.

முதலாவது, முதியோரிடம் கேட்டு எழுதுங்கள். ஏரியின் எந்த இடத்தில் நம் மக்கள் மீன்பிடித்தனர், எந்தத் துறையில் இறங்கத் தடுக்கப்பட்டனர், எந்த ஆண்டில் எந்தப் பூசல் நேர்ந்தது என்பவை எண்பது வயதைக் கடந்தவர்களின் நினைவில் மட்டுமே உள்ளன. அவர்கள் மறைந்தால் அந்த ஆவணமும் மறையும். நாளை ஓர் அலுவலகமோ நீதிமன்றமோ சான்று கேட்டால், நாம் எழுதி வைத்த குறிப்பேடு நமக்காகப் பேசும். ரோஜேரியசு நம்மிடம் வரவில்லை. இன்று நம் வீட்டிலேயே எழுதத் தெரிந்தவர் இருக்கின்றனர்.

இரண்டாவது, ஆவணங்களைத் தேடிச் செல்லுங்கள். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் டச்சுக்காரர் விட்டுச் சென்ற ஏடுகள் பாதுகாக்கப்படுகின்றன. டச்சுக் கம்பெனியின் ஆவணங்களை யுனெஸ்கோ நிறுவனம் 2003இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அவ்வேடுகளை அயல்நாட்டார் வந்து படித்துச் செல்கின்றனர். பழவேற்காட்டைச் சுற்றிய சேரிகளில் பிறந்த ஒரு மாணவியோ மாணவனோ டச்சு மொழி கற்று, கப்பலேறியோரின் கணக்கைத் தம் கண்ணால் படிக்கும் நாள் வர வேண்டும். அது நடக்கவொண்ணாத கனவன்று. அத்தகைய ஒருவர்க்கு உதவித்தொகை அளிப்பதை நம் கழகம் இவ்வெள்ளி விழாவில் ஒரு குறிக்கோளாக ஏற்றல் தகும்.

மூன்றாவது, உரிமைக் காகிதங்களைப் படியுங்கள். நத்தம் பட்டா, பஞ்சமி நிலப் பதிவு, மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் பட்டியல், கடலோர வரைபடம் ஆகிய இவற்றை ஊர்தோறும் திரட்டிப் பாருங்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேள்வி கேட்கும் உரிமையைத் தருகின்றது. நம் பெயர் எங்கே உள்ளது, எங்கே இல்லை, ஏன் இல்லை என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் விடை பெறுங்கள். இருளர் குடும்பங்களுக்கும் அவ்வுதவியைச் செய்யுங்கள். நம்மினும் தாழ நிறுத்தப்பட்டவரை மறந்துவிட்டு நாம் கேட்கும் நீதி அரைகுறை நீதியாகவே இருக்கும்.

பெண்மக்களைப் பற்றி ஒரு சொல். பழைய சீட்டில் பெண்ணுக்குப் பெயரில்லை. நாம் கேட்கும் புதிய சீட்டிலும் ஆண்களின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டால், நமக்கு இழைக்கப்பட்டதை நாமே நம் வீட்டில் செய்தவராவோம். மகளை எட்டாம் வகுப்போடு நிறுத்தும் வீடு ஒன்றிருப்பினும் நம் கழகத்தின் பணி முடிந்ததாகக் கொள்ளலாகாது.

பழவேற்காட்டில் டச்சுக்காரரின் கல்லறைகள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. செதுக்கிய கல்லில் அவர்களுடைய பெயர்களும் ஆண்டுகளும் இன்றும் படிக்கக் கிடக்கின்றன. அவை பாதுகாக்கப்பட வேண்டியவையே. நம் முன்னோர்க்குக் கல்லில்லை, கல்லெழுத்தும் இல்லை. அவர்கள் விட்டுச் சென்றது நம்மையே. ஆகவே எழுத வேண்டியவர்கள் நாமே. நீரிலும் நிலத்திலும் கேட்டுப் பெற வேண்டியவர்களும் நாமே. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து இக்கழகத்தின் பொன்விழா மலரை வெளியிடுவோர், ஏரியின் பங்குச்சீட்டில் நம் பெயர் ஏறிய ஆண்டு இன்னதென்று இலக்கத்தில் எழுதும் நிலையை உருவாக்குவோமாக.